விதியைச் சொல்லும் தெய்வம்

ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தில் தலைமைக் கடவுள் ஜூபிடர் விதியை மாற்றுபவர் அல்லர், அறிவிப்பவர். முதல் காண்டத்தில் கலங்கி நிற்கும் மகள் வீனஸிடம் ரோமின் வருங்காலத்தை விரித்துரைக்கிறார். நம் சிலப்பதிகாரத்தில் அந்தப் பொறுப்பு மதுராபதித் தெய்வத்துடையது. கண்ணகியின் முன்னே வரத் தயங்கிப் பின்புறம் தோன்றுகிறாள்; முற்பிறவியில் பரதனாக இருந்த அவள் கணவன் கோவலன், வணிகன் சங்கமனை ஒற்றன் என்று பழிசுமத்திக் கொல்வித்த வினையே இப்போது பலித்தது என்கிறாள்.

அப்படியானால் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் குற்றமற்றவனா என்று கேட்கலாம். இல்லவே இல்லை. சிலம்பின் பரல் மாணிக்கமென்று கண்டதும் தன்னையே கள்வன் என்று தீர்ப்பளித்து உயிர்விட்டவன் அவன். விதியைக் காட்டித் தப்பிக்கக் காவிய ஆசிரியர் இளங்கோ அவனுக்கு இடமே தரவில்லை. காவியத்தின் உயர்வே அதில்தான். மதுரையின் மேற்கு வாயில் வழியே வெளியேறிய கண்ணகி நடந்தது, வாடிப்பட்டிக்குத் தெற்கே ஓடும் வையை ஆற்றின் கரையோரமாகத்தான்.