பறக்கும் டைகர் மாத், பறக்காத வாபிட்டி

மதுரை விமான நிலையம் இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பிரிட்டிஷ் வான்படைக்காக அமைக்கப்பட்ட தளம் என்பதும், செட்டிநாடு, கயத்தாறு, இராமநாதபுரம் என்று தென்பாண்டிச் சமவெளியெங்கும் அதே போரையொட்டி ஓடுதளங்கள் போடப்பட்டன என்பதும் ஓரளவு அறியப்பட்ட செய்திகளே. ஓடுதளங்களின் தடயங்கள் இன்றும் உள்ளன; அவற்றுக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த, மேலும் கீழுமாக இரண்டு இறக்கைத் தளங்கள் கொண்ட இருதள விமானங்களோ பெரும்பாலும் விறகாகவும் பழைய இரும்பாகவும் போய்விட்டன. இந்திய வான்படையிடம் எஞ்சியவற்றுள் இரண்டு, ஒரு பழைய விமானத்தை எவ்வாறு காப்பது என்ற கேள்விக்கு எதிரெதிரான இரு விடைகளாக நிற்கின்றன.

முதலாவது, டெல்லி பாலம் வான்படை அருங்காட்சியகத்தில் உள்ள வெஸ்ட்லண்ட் வாபிட்டி. 1927இல் முதன்முதலாகப் பறந்த இவ்வகை, முதல் உலகப் போரில் மிஞ்சிய டி ஹாவிலண்ட் விமானங்களின் உதிரிபாகங்களைப் பயன்படுத்த வேண்டும் என்ற சிக்கன நிபந்தனையில் பிறந்தது; ஒன்பது உருளைகளை வட்டமாக அடுக்கிய ஜூப்பிட்டர் எஞ்சின் அதை இழுத்தது. 1933 ஏப்ரல் 1இல் கராச்சியின் டிரிக் ரோட்டில் இந்திய வான்படையின் முதல் ஸ்குவாட்ரன் நான்கு வாபிட்டிகளோடுதான் தொடங்கியது. 1939இல் போர் மூண்டபின் சென்னையில் அமைந்த கடலோரப் பாதுகாப்பு அணியும், அப்போதே பழசாகிவிட்ட இவ்விமானங்களைக் கொண்டுதான் கடலைக் கண்காணித்தது. முழு உருவில் உலகில் எஞ்சியிருக்கும் வாபிட்டி பாலம் அருங்காட்சியகத்தில் உள்ளது மட்டுமே.

இரண்டாவது, ஹெச்.யு.512 என்ற எண்ணுடைய டைகர் மாத். 1931இல் முதலில் பறந்த இந்தப் பயிற்சி விமான வகையின் மேல் இறக்கை, முன்னிருக்கையில் இருப்பவர் பாராசூட்டுடன் தடையின்றி வெளியேறுவதற்காக முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் குலைந்த சமநிலையை மீட்க இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்க்க நேர்ந்தது. அதன் தனித்த தோற்றம் அழகுக்காக வந்ததன்று. பிரிட்டனில் ரிஃப்ளெக்டேர் நிறுவனத்தால் சீரமைக்கப்பட்ட இவ்விமானம், 2012 அக்டோபர் 8இல், வான்படையின் 80ஆம் ஆண்டு நாளில், ஹிண்டன் தளத்தில் மீண்டும் பறந்தது. அந்த வேலைத்திறனுக்காக விமானத்தைக் கடல் கடந்து அனுப்ப வேண்டியிருந்தது என்பது, ஒரு காலத்தில் நாடெங்கும் பறப்புக் கழகங்களில் டைகர் மாத்களைப் பழுதுபார்த்துவந்த நாட்டுக்குச் சற்றே உறுத்தலான செய்தி.

இத்தகைய சீரமைப்பில் முதல் வேலை துணியை முற்றிலும் உரிப்பது. உள்ளே இருக்கும் ஸ்பார் எனப்படும் நீள உத்திரங்களும் அவற்றின் குறுக்கே நிற்கும் மெல்லிய விலா மரங்களும் வெளிப்பட்ட பிறகே பசையிணைப்புகளைச் சோதிக்க முடியும். பாலிலிருந்து எடுக்கப்படும் கேசீன் பசைக்கு ஈரம் ஆகாது. 1944இல் இந்தியாவில் இருந்த மாஸ்கிட்டோ மர விமானங்களின் இறக்கை இணைப்புகள் பிரிந்தபோது, உற்பத்திக் குறைபாட்டோடு நம் வெப்பமும் ஈரமும் காரணமாகப் பேசப்பட்டன. மரம் தேறியபின் லினன் அல்லது பருத்தித் துணியைப் போர்த்தி, மெழுகு நூலால் ஒவ்வொரு விலாவோடும் தைத்து, தையலின் மேல் நாடா ஒட்டி, டோப் என்னும் செல்லுலோஸ் கரைசலைப் பலமுறை பூசுகிறார்கள். மதுரை செல்லூர்த் தறிக்காரர் போடும் கஞ்சியில் பாவு விறைப்பதுபோல, ஆனால் அதைவிட மிகக் கடுமையாக, துணி சுருங்கித் தட்டினால் ஒலிக்கும் அளவுக்கு இறுகுகிறது. கடைசியாக இரு இறக்கைகளுக்கும் இடையே குறுக்காக ஓடும் கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் இறக்கையின் சாய்வு சரிசெய்யப்படுகிறது. மெல்லிய மரத்தாலான இறக்கைகளுக்குப் பாலத்தின் உறுதியைத் தருவன இக்கம்பிகளே என்பதால், இவ்வேலையில் அவசரம் உதவாது.

பறக்க வேண்டிய விமானத்தில் ஐயத்துக்குரிய எந்தப் பாகத்தையும் விட்டுவைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சீரமைப்பிலும் பழைய மரமும் நூலும் குறைந்துகொண்டே வரும். 8,000க்கும் மேல் உற்பத்தியாகி, இன்றும் பல நாடுகளில் பறக்கும் டைகர் மாத்துக்கு இந்த இழப்பு பொறுக்கத்தக்கது. அதன் 130 குதிரைத்திறன் ஜிப்சி மேஜர் எஞ்சினுக்கு உதிரிபாகங்களும் கிடைக்கின்றன. ஒன்றே ஒன்று எஞ்சிய வாபிட்டியை அந்த வழியில் செலுத்துவது, ஏட்டுச்சுவடியின் ஓலைகளை ஒவ்வொன்றாக மாற்றுவதற்கு ஒப்பான வீண் துணிச்சலாகும். பாலம் அருங்காட்சியகத்தில் அதற்குத் தேவைப்படுவது விமானியின் கையன்று. தூசியையும் ஈரத்தையும் தடுத்து, துருவைக் கண்காணித்து, எந்தப் பாகம் அசல், எது பின்னாளில் சேர்ந்தது என்று பதிவு செய்துவைக்கும் பராமரிப்பாளரின் கை.