செம்பனையின் ஆண்பாளை வீணா?

1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலம் குளுவாங் வட்டாரத்தின் மாமோர் தோட்டத்தில் ஒரு வண்டினத்தைத் திறந்துவிட்டார்கள். எள்ளைவிடச் சற்றே பெரிய அந்தக் கூன்வண்டின் பெயர் எலைடோபியஸ் கேமரூனிகஸ். அதற்கு முன் மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது ஆட்களின் வேலையாக இருந்தது. மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய், விரிந்த பெண்பாளையைத் தேடி ஊத வேண்டும். பாளை அந்தப் பக்குவத்தில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். சுற்று தவறினால் குலை போச்சு. வண்டு பரவிய சில ஆண்டுகளில் அந்த வேலையே தோட்டங்களிலிருந்து மறைந்துபோனது. உயிருள்ள ஒன்றின் ஓர் உறுப்பு எதற்காக இருக்கிறது என்பதை அந்த உறுப்பை மட்டும் உற்றுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் கிடைப்பது அரிது.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848இல் நான்கு கன்றுகளாக ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தது. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிரானது. மரம் வந்தது, அதன் வண்டு வரவில்லை. இங்கிருந்த பூவை ஆராய்ந்தவர்கள், மகரந்தம் உலர்ந்து, லேசாக, ஏராளமாக இருப்பதைக் கண்டு, காற்றே அதைச் சேர்க்கிறது என்று நம்பினார்கள். பூவை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். ஆனால் யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன் கேமரூனிலும் பணியாற்றியவர். அங்கே எவரும் ஊதாமலே குலைகள் நிறையக் காய்ப்பதையும், பாளைகளில் பூச்சிகள் மொய்ப்பதையும் பார்த்திருந்தார். அவருடைய தூண்டுதலால் பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனுக்குச் சென்று ஆராய்ந்தார். மகரந்தத்தைச் சேர்ப்பது பெரும்பாலும் பூச்சிகளே என்பது அங்கே உறுதியானது. அவற்றில் ஒன்றான இந்தக் கூன்வண்டு வேறு பயிர்களைத் தாக்குமா என்றும் சோதித்த பிறகே 1980 ஜூலையில் அதை மலேசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பூக்களே பழமாகிக்கொண்டிருந்த குலைகளில், வண்டு பரவியபின் அந்த அளவு 70 விழுக்காட்டைத் தாண்டியது.

செம்பனையில் ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை உண்டாகும். அது ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கும். ஆண்பாளை விரியும்போது சோம்பு மணம் வீசும். அந்த மணத்துக்கு வரும் வண்டுகள் அங்கேயே தின்று, முட்டையிட்டு, புழுவாகி, கூடாகி வளர்கின்றன. பெண்பாளையும் அதே மணத்தை விட்டுவிட்டு வீசி அவற்றை அழைக்கிறது. வந்த வண்டுக்கு அங்கே எதுவும் கிடைப்பதில்லை, உடலில் ஒட்டிய மகரந்தத்தை மட்டும் உதிர்த்துவிட்டுப் போகிறது. பாளை ஆணா பெண்ணா என்பதோ, குலை வெட்டுக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்பே தீர்மானமாகிறது. அன்றைய வறட்சியும், அளவுக்கு மீறிய மட்டை வெட்டும் ஆண்பாளைகளைக் கூட்டிவிடும். வண்டு வந்த பிறகு குலைகள் கனத்தன. ஆனால் மரம் தயாரிக்கும் உணவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதால் குலைகளின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் கணக்கை மரமே சரிசெய்துகொள்கிறது.

இந்தக் கணக்கைத்தான் நாம் மறக்கிறோம். ஆண்பாளை குலை தராது. எனவே ஓர் ஆண்பாளை என்றால் ஒரு குலை நட்டம் என்று கருதுவது எளிது. பெண்பாளைகளை மிகுதியாகத் தரும் விதைகளையே தேர்ந்தெடுத்து வளர்த்ததில், இளம் மரங்கள் நிறைந்த தோட்டங்கள் சிலவற்றில் ஆண்பாளைகள் அருகிப்போயின. வண்டு இனம்பெருக இடமில்லை, வண்டு குறைந்தது, பழம் பிடிக்காத குலைகள் பெருகின. சில இடங்களில் கையால் மகரந்தம் ஊதும் வேலையும் திரும்பிவிட்டது. பாளைகளைத் தனித்தனியே எண்ணியவரின் கூட்டலில் பிழையில்லை. எண்ண வேண்டியது எது என்பதில்தான் பிழை.

இதற்கு அறிவியலறிந்தவர்கள் வலுவான ஒரு மறுப்பைச் சொல்லலாம்: உயிரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்? உண்மைதான். பழத்தின் ஓடு தடிப்பாக இருக்குமா, மெல்லியதாக இருக்குமா என்பதை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் 2013இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். மெல்லிய ஓட்டு டெனெரா வகை, தடித்த ஓட்டு டூரா வகையைவிட 30 விழுக்காடு அதிக எண்ணெய் தரும். ஆகவே நாற்றங்காலிலேயே தவறான கன்றைக் கழித்துவிட இந்தக் கண்டுபிடிப்பு வழிசெய்தது. ஆனால் அதே வாரியத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்று 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு கதையின் மறுபாதியைச் சொல்கிறது. சிறந்த மரத்தின் திசுவை எடுத்து ஆய்வகக் குடுவையில் வளர்த்து நகல் மரங்களை உண்டாக்கியபோது, சிலவற்றின் பழங்கள் கோணலாயின: பூவின் ஆண் உறுப்புகளாக வேண்டியவை கூடுதல் சூலகங்களாகிப் பழத்தைச் சுற்றிப் புடைத்தன, பாதிப்பு கடுமையான மரங்களில் குலைகளே உருப்படவில்லை. மரபணு எழுத்துகள் தாய்மரத்தில் இருந்தவைதான். கர்மா என்று பெயரிடப்பட்ட ஒரு டிஎன்ஏ துண்டின் மேலிருந்த மீத்தைல் என்ற வேதிக்குறி அழிந்துபோனதே காரணம். மரத்துக்குள் காக்கப்படும் குறி, மரத்தைவிட்டுப் பிரித்து வளர்த்த திசுவில் தொலைந்தது. ஆகவே பிரித்துப் பார்ப்பது தவறன்று. பிரித்த பகுதி, பிரிப்பதற்கு முன் இருந்ததுபோலவே இருக்கும் என்று எண்ணுவதே தவறு.

இன்னொரு மறுப்பும் உண்டு. எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது என்றால், எதையுமே முழுதாக அறிய முடியாது, எதையும் செய்யவும் முடியாது. முழுமை என்பது வெறும் பேச்சு என்பார்கள். ஆனால் மாமோரில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. எல்லாம் தெரிந்த பிறகு வண்டை விடவில்லை. எது மகரந்தம் சேர்க்கிறது, அந்த வண்டு வேறு எதைத் தின்னும் என்ற தெளிவான கேள்விகளுக்கு விடை கண்டபின் விட்டார்கள். முழு உயிரையும் கருதுவது என்றால் அளவற்ற தகவலைச் சேர்ப்பதல்ல. ஓர் உறுப்பை மாற்றினால் அதை நம்பியிருக்கும் இன்னொன்றுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டிக் கேட்டு, சோதித்துவிடுவது. மறுநடவுக்கு விதை தேடும் ஜொகூர்ச் சிறுதோட்டக்காரருக்கும் இது பொருந்தும். பெண்பாளை எவ்வளவு வரும் என்று மட்டும் விசாரித்தால் பாதி விவரம்தான் கிடைக்கும். நட்ட முதல் சில ஆண்டுகளில் வண்டுக்குப் போதுமான ஆண்பாளை இருக்குமா என்று அவர் கேட்க வேண்டும். விற்பவரிடம் அதற்கும் விடை இருக்க வேண்டும்.