லூசியாவின் நீண்ட இரவு

சுவீடனில் டிசம்பர் 13 அன்று, பொழுது புலரும் முன்பே பாட்டு கேட்கத் தொடங்கிவிடும். வெள்ளை அங்கியும் சிவப்பு இடைக்கச்சையும் அணிந்த பெண்ணொருத்தி, மெழுகுவத்திகள் எரியும் முடியைத் தலையில் தாங்கி முன்னே வருவாள். ஏறக்குறைய கி.பி. 304இல், ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில், சிசிலித் தீவின் சிராக்கூசா நகரில் உயிர் நீத்த மறைசாட்சி புனித லூசியாவின் திருநாள் அது. ஆண்டிலேயே மிக நீண்ட இரவு லூசியாவின் இரவுதான் என்பது அங்கே பழைய நம்பிக்கை.

இன்றைய கணக்கில் அந்த இரவு டிசம்பர் 21 அல்லது 22இல்தான் வருகிறது. ஆனால் 14ஆம் நூற்றாண்டில் அது டிசம்பர் 13ஐ ஒட்டியே வந்தது. அந்தக் கால மக்கள் சரியாகவே பார்த்திருக்கிறார்கள்.

காரணம், ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடங்கள். ஜூலியஸ் சீசர் கொண்டுவந்த நாள்காட்டியில் ஓர் ஆண்டுக்கு 365.25 நாள். பருவங்கள் ஒரு சுற்று முடிக்க ஆவதோ 365.2422 நாள்தான். இந்தச் சிறு வித்தியாசம் சுமார் 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடும். தேதிகள் பின்தங்க, நீண்ட இரவு நாள்காட்டியில் மெல்ல முன்னே நகர்ந்து வந்து லூசியாவின் திருநாளைத் தொட்டது.

திருச்சபையைக் கவலைப்படுத்தியது உயிர்ப்புப் பெருவிழா. பகலும் இரவும் சமமாகும் நாளை மார்ச் 21 என்று வைத்தே அதன் தேதி கணிக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் வானில் அந்த நாள் பத்து நாள் முன்னதாகவே வந்து போனது. எனவே திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியின் ஆணைப்படி, 1582 அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. ஸ்பெயினில் அவிலாவின் புனித தெரேசா இறந்தது அந்த இரவில்தான். அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15.

சுவீடன் 1753இல்தான் புதிய நாள்காட்டிக்கு மாறியது. பிப்ரவரி 17க்கு அடுத்த நாளை மார்ச் 1 ஆக்கியது. நீண்ட இரவு டிசம்பர் 21ஐ ஒட்டிப் போய்விட்டது. லூசியா 13இலேயே இருக்கிறார், பழைய நம்பிக்கையும் அவரோடு.

இன்று பிழையாகத் தெரியும் ஒரு மரபு, தோன்றிய காலத்தில் கூர்மையான வானியல் கவனிப்பாக இருந்திருக்கலாம். அதை ஒதுக்கும் முன், எந்த நாள்காட்டியில் அது பிறந்தது என்று கேட்டுவிட வேண்டும்.