நான்கு சன்னலுக்கும் ஒரே திரைச்சீலையா?

தீபாவளிக்கு வீட்டைப் புதுப்பிக்கும்போது பலர் முதலில் மாற்றுவது திரைச்சீலையைத்தான். ஜாலான் மஸ்ஜிட் இந்தியா பக்கம் போய், நிறத்தையும் பூவேலைப்பாட்டையும் பார்த்து வாங்கி வருகிறோம். சன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கடைக்காரர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

என் மாணவி ஒருத்தியின் தாயாரும் அப்படித்தான் வாங்கினார். அவர்களுடையது தாமானில் மூலை வீடு. மாடிப் படுக்கையறைக்கு மேற்கில் இரண்டு சன்னல், வடக்கில் இரண்டு. நான்கிற்கும் கனமான கருநீலத் திரைச்சீலை போட்டார். அறை இருண்டது, புழுக்கம் மட்டும் குறையவில்லை. "வெளிச்சத்தையே மறைத்துவிட்டேன், பிறகு சூடு எங்கிருந்து வருகிறது டீச்சர்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. சூரியனிலிருந்து நம்மை வந்தடையும் ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் கண்ணுக்குத் தெரியும் ஒளி. மீதியில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர். சாதாரணக் கண்ணாடி இரண்டையும் தாராளமாக உள்ளே விடும். உள்ளே வந்தவை கருநீலத் துணியில் படுகின்றன. துணி அவற்றை உறிஞ்சிச் சூடேறுகிறது. சூடேறிய துணியும் அகச்சிவப்புக் கதிரைத்தான் வெளியிடுகிறது, ஆனால் அது அலைநீளம் அதிகமான வகை. அந்த வகை கண்ணாடியைக் கடந்து வெளியே போக முடியாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் நடப்பதும் இதுதான். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே சூடான காற்று மேலே எழும்பி, திரைக்கம்பிக்கு மேலுள்ள இடைவெளி வழியாக அறைக்குள் இறங்கிவிடும். மாலை ஐந்து மணிக்கு மேற்குச் சன்னலின் திரைக்கு மேலே கையை நீட்டிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் நான்கு சன்னலிலும் இதே கதையா? இல்லை. கோலாலம்பூர் பூமத்தியரேகைக்கு 3 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆனால் எந்த மாதமானாலும் உச்சிவேளையில் அது 63 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஒரு மீட்டர் உயரமுள்ள வடக்கு அல்லது தெற்குச் சன்னலுக்கு, மேலே அரை மீட்டர் நீட்டிய கூரை விளிம்பே நண்பகல் வெயிலை மறைத்துவிடும். மேற்கில் இந்த வித்தை பலிக்காது. மாலை ஐந்தரைக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 25 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரை எவ்வளவு நீண்டாலும் அதன் அடியில் புகுந்து நேராக மெத்தைமேல் விழும். 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிய பிறகு, நம் உச்சிவேளையே பகல் ஒன்று பத்து வாக்கில்தான் வருகிறது; சூரியன் மறைய ஏழு மணிக்கு மேல் ஆகிறது. அதனால் பிள்ளைகள் இரவு படுக்கப் போகும்போதும் மேற்குச் சுவர் சூடாகவே இருக்கும்.

மேற்குச் சன்னலுக்குச் சிறந்த வழி, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவது. பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் மூங்கில் தட்டி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தட்டி சூடானாலும் அந்தச் சூட்டைக் காற்று வெளியிலேயே கொண்டுபோய்விடும். விலை உயர்ந்த பிளைண்ட்ஸை உள்ளே மாட்டுவதைவிட இது மேல் என்பது என் கருத்து. அடுக்குமாடியில் இருப்பவர்கள் வெளியே எதையும் தொங்கவிட அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அவர்கள் உள்ளே போடும் திரையின் கண்ணாடிப் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். வெள்ளைத் துணி ஒளியின் பெரும்பகுதியை ஒளியாகவே திருப்பி அனுப்பும். அது வந்த வழியே கண்ணாடியைக் கடந்து போய்விடும். அறைப் பக்கம் எந்த நிறமானாலும் பரவாயில்லை.

வடக்குச் சன்னல்களுக்கு மெல்லிய வெள்ளைத் துணி போதும். அவை காற்றுக்கான வழி. கனமான துணியால் அடைத்தால் மேற்கில் சேர்ந்த சூடு வெளியேற இடமில்லாமல் போகும். ஏர்கோன் போட்டுத் தூங்குபவர்கள் கணக்கு வேறு: திரையை உட்கூரைக்கு ஒட்டி மாட்டி, மேல் இடைவெளியை மூடிவிடுங்கள்.

நம்பிக்கை வரவில்லையா? பிள்ளைகளோடு செய்து பாருங்கள். ஒரே அளவான இரண்டு காலணிப் பெட்டிகளின் ஒரு பக்கத்தை வெட்டி, கண்ணாடித் தாள் ஒட்டுங்கள். ஒன்றில் தாளுக்கு வெளியே கறுப்புத் துணி, மற்றதில் அதே துணி உள்ளே. இரண்டிலும் வெப்பமானி வைத்து, துணி உள்ள பக்கம் சூரியனைப் பார்க்கும்படி அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள்.

பிளைண்ட்ஸ் வாங்குவதானால் இன்னொன்று. வளையமாகத் தொங்கும் இழுகயிறு சிறு பிள்ளைகளின் கழுத்தில் சுற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. கயிறில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே கயிறு இருந்தால், கைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் இறுக்கிக் கட்டுங்கள். தொட்டிலையும் கட்டிலையும் அந்தச் சன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

அந்தத் தாயார் கருநீலத் திரைச்சீலையைத் தூக்கிப் போடவில்லை. மேற்குச் சன்னல்களின் திரைக்குப் பின்புறம் வெள்ளைத் துணி வைத்துத் தைத்தார். வடக்கில் இருந்த இரண்டையும் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.