அணு உலையைப் பிரிக்கும் செலவு யார் தலையில்?

மும்பையிலிருந்து வடக்கே போகும் ரயிலில் விராரையும் பால்கரையும் தாண்டினால் போய்சர் ஸ்டேஷன் வரும். தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற நம்மவர்களுக்குப் பழக்கமான வழி. அங்கிருந்து கடலோரமாகச் சில மைல் போனால் தாராப்பூர் அணு மின் நிலையம்.

இந்தியாவின் முதல் அணு மின்சாரம் 1969-ம் ஆண்டு இங்கேதான் பிறந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி அமைத்துக் கொடுத்த இரண்டு உலைகள் அவை. தலா 210 மெகாவாட் சக்தியுடன் தொடங்கி, பின்னர் 160 மெகாவாட்டாகக் குறைக்கப்பட்டன. 2020-ம் ஆண்டு இரண்டையும் நிறுத்தி, பழைய குழாய்களை மாற்றி ஆயுளை நீட்டிக்கும் வேலையில் இறங்கினார்கள்.

ஆயுளை நீட்டலாம்; சாகாவரம் கொடுக்க முடியாது. என்றைக்காவது ஒருநாள் இந்த உலைகளுக்கும் நிரந்தர ஓய்வு கொடுத்தே தீர வேண்டும். அன்றைக்கு அவற்றை என்ன செய்வது? அதற்கு ஆகும் செலவை யார் கொடுப்பது?

காயலான் கடைக்குப் போகாது

லோயர் பரேலில் பஞ்சாலைகள் மூடப்பட்டபோது என்ன நடந்தது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். தறிகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. நிலத்தில் மாடிக் கட்டடங்கள் முளைத்தன. விற்ற பணம் கைக்கு வந்தது.

அணு உலையின் கதை இதற்கு நேர்மாறானது. மூடிய பிறகுதான் பெரிய செலவே தொடங்குகிறது.

முதலில், எரிந்து முடிந்த யுரேனியக் கட்டுகளை வெளியே எடுக்க வேண்டும். நிலையத்தில் உள்ள கதிரியக்கத்தில் மிகப் பெரும் பகுதி இவற்றில்தான் இருக்கிறது. நிறுத்திய பின்னும் இவை சூடு தணியாமல் இருப்பதால், பல ஆண்டுகள் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் காக்க வேண்டும்.

அதோடு வேலை முடியவில்லை. உலையின் உருக்குப் பாத்திரமும் அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்டும் ஆண்டுக்கணக்கில் நியூட்ரான்களின் தாக்குதலுக்கு ஆளானவை. அதனால் அவையே கதிரியக்கப் பொருள்களாக மாறியிருக்கும். உருக்கில் உண்டாகும் கோபால்ட்-60 சுமார் ஐந்தேகால் ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். 50 ஆண்டுகள் காத்திருந்தால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும்.

ஆகவே நிபுணர்கள் இரண்டு வழி சொல்கிறார்கள். உடனே, தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளைக் கொண்டு வெட்டிப் பிரிப்பது ஒன்று. பூட்டி, காவல் போட்டு, சில பத்தாண்டுகள் கழித்துப் பிரிப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் தொழிலாளிக்கு ஆபத்து குறைவு. ஆனால் உலையை நன்றாக அறிந்த பொறியாளர்கள் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள். செலவும் பேரப்பிள்ளைகள் தலையில் விழும்.

அமெரிக்காவில் ஓர் அனுபவம்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மெய்ன் யாங்கி என்றொரு நிலையம் இருந்தது. சுமார் 23 கோடி டாலர் செலவில் கட்டி, 1972-ம் ஆண்டு ஓடத் தொடங்கியது. 1996-ல் நின்றது. 2004-ல் வெடி வைத்து அதன் கோபுரத்தைத் தகர்த்தார்கள். 2005-ல் பிரிக்கும் வேலை முடிந்தது. ஆன செலவு 50 கோடி டாலருக்கு மேல்! கட்டிய செலவைப் போல் இரண்டு மடங்கு. பணத்தின் மதிப்பு குறைந்ததைக் கழித்துப் பார்த்தாலும் இது சின்னத் தொகை அல்ல.

அதற்குப் பிறகும் இடம் காலியாகவில்லை. எரிந்த எரிபொருளை 1998 ஜனவரி முதல் எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட அமெரிக்க அரசாங்கம், புதைக்க இடம் கிடைக்காமல் கையை விரித்துவிட்டது. உலை போன இடத்தில் 64 பெரிய கான்கிரீட் பெட்டிகள் நிற்க, அவற்றுக்குக் காவல் போட வேண்டியதாயிற்று.

பிரிட்டனின் செல்லாஃபீல்டு இன்னும் பெரிய பாடம். அணுகுண்டுக்குப் புளுட்டோனியம் தயாரித்த காலத்தில் தொட்டிகளில் போட்ட கழிவுகளுக்குச் சரியான கணக்குகூட எழுதி வைக்கவில்லை. அந்த இடத்தைச் சுத்தம் செய்து முடிக்க 2125-ம் ஆண்டு வரை ஆகும், 13,600 கோடி பவுன் பிடிக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் 2024-ம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. வரி கட்டும் பொதுமக்கள்தான் கொடுக்கிறார்கள்.

யூனிட்டுக்கு 2 பைசா

நம் நாட்டில் என்ன ஏற்பாடு?

மும்பையில் சொஸைட்டி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ‘சிங்கிங் ஃபண்ட்’ தெரியும். கட்டடம் ஒருநாள் பழசாகும், திரும்பக் கட்ட வேண்டிவரும் என்று மாதாமாதம் பிடிக்கும் பணம். அணு மின்சாரத்திலும் அப்படி ஒரு பிடித்தம் உண்டு. விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 பைசா என்று விலையோடு சேர்த்து வசூலித்துத் தனியாக ஒதுக்கும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. இன்று மின்சாரம் அனுபவிப்பவனே நாளைய செலவுக்கும் கொடுக்கட்டும் என்பது நியாயமான ஏற்பாடுதான்.

ஆனால் 2 பைசா போதுமா? சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 160 மெகாவாட் உலை ஒருநாள்கூட நிற்காமல் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 140 கோடி யூனிட். அதற்கு 2 பைசா வீதம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய். 40 ஆண்டுகள் இப்படியே வசூலித்தாலும், வட்டி நீங்கலாக 112 கோடி ரூபாய். மெய்ன் யாங்கிக்கு ஆனதோ இன்றைய மதிப்பில் பல ஆயிரம் கோடி ரூபாய்.

அந்த உலை தாராப்பூர் உலையைவிட ஐந்து மடங்கு பெரியது. அங்கே கூலியும் அதிகம். நம் பணத்துக்கு வட்டியும் சேரும். ராஜஸ்தானிலும் கல்பாக்கத்திலும் உலைகளின் உள் குழாய்களை அடியோடு மாற்றிய அனுபவம் நம் பொறியாளர்களுக்கு உண்டு. இவ்வளவையும் தள்ளிப் பார்த்தாலும் இடைவெளி பெரிதாகவே தெரிகிறது.

தணிக்கையில் வந்த குறை

2012-ம் ஆண்டு தலைமைத் தணிக்கை அதிகாரி பாராளுமன்றத்துக்கு அளித்த அறிக்கை இந்தக் குறையைத்தான் சுட்டிக்காட்டியது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கையேடு வெளியிட்டு 13 ஆண்டுகள் கடந்தும் நாட்டில் எந்த அணு மின் நிலையத்துக்கும் பிரிப்புத் திட்டம் இல்லை என்றது. 30 ஆண்டு ஓடியவற்றுக்கும் இல்லை, நின்றுபோனவற்றுக்கும் இல்லை. அன்று அமலில் இருந்த 1962-ம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கென நிதி ஒதுக்க வேண்டும் என்ற விதியே கிடையாது என்றும் கூறியது.

இது தூரத்து விவகாரம் அல்ல. செம்பூருக்குப் பக்கத்தில் டிராம்பேயில் 1960-ல் இயங்கத் தொடங்கிய சைரஸ் ஆராய்ச்சி உலை 2010 டிசம்பர் 31-ந் தேதி நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. ராஜஸ்தானின் முதல் உலை 2004-ல் நின்றது. முதுமை ஒவ்வொரு உலையாக எட்டிப் பார்க்கிறது.

2025 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம், தனியார் கம்பெனிகளும் அணு மின் நிலையம் நடத்த வழி திறந்துவிட்டது. ஆகவே கேள்வி இன்னும் அவசரமாகிறது. அரசாங்கம் ஓடிப்போகாது. லாபம் தீர்ந்ததும் கம்பெனி கதவைச் சாத்தினால், உலையைப் பிரிக்கும் பணத்துக்கு யாரைத் தேடுவது?

சொஸைட்டியில் சிங்கிங் ஃபண்டு கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் வைக்காவிட்டால் நாம் சும்மா இருப்போமா? எழுந்து நின்று கேட்போம். எந்த உலைக்கு எவ்வளவு செலவாகும், கையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஆண்டுதோறும் மக்கள் முன் கணக்கு வைக்க வேண்டும். போதாது என்றால் 2 பைசாவைக் கூட்ட வேண்டும். இன்று சில பைசா அதிகம் கொடுப்பது நமக்குப் பெரிய பாரமல்ல. நாம் எரித்த விளக்குக்கு நம் பேரப்பிள்ளைகள் பில் கட்டுவது நியாயமும் அல்ல.