எண்பது வயதில் உளவு வேலை

சிலி நாட்டில் ஒரு நாளிதழில் விளம்பரம் வருகிறது: 80 முதல் 90 வயதுக்குள் இருக்கும் ஆண்கள் வேலைக்குத் தேவை. கொடுத்தவர் ஒரு தனியார் துப்பறிவாளர். தேர்வாகிறவர் செர்ஹியோ சாமி. வயது 83, அண்மையில் மனைவியை இழந்தவர். எல் மோன்டே ஊரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று மாதம் தங்கி, அங்கிருக்கும் ஒரு மூதாட்டியைச் சரியாகக் கவனித்துக்கொள்கிறார்களா என்று வேவு பார்க்க வேண்டும். கேமரா ஒளித்த பேனாவும் மூக்குக்கண்ணாடியும் கொடுத்து, செல்போனில் தகவல் அனுப்பவும் பழக்குகிறார்கள்.

கற்பனைக் கதை அல்ல இது. மைதே அல்பெர்தி இயக்கி 2020-இல் வந்த 'தி மோல் ஏஜென்ட்' ஆவணப்படம். முதுமையைப் பற்றிப் படமெடுக்கிறோம் என்று சொல்லி, படக்குழு அந்த இல்லத்துக்குள் முன்கூட்டியே நுழைந்துவிட்டது. ஆஸ்கரின் இறுதிப் பட்டியல்வரை சென்ற படம்.

வயதானவர்களைத் திரையில் காட்ட இரண்டு அச்சுகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒன்று பரிதாபம்: நடுங்கும் கை, வெறித்த பார்வை, பின்னணியில் அழுகிற வயலின். இன்னொன்று வியப்பு: 'இந்த வயதிலும் என்னமாய் ஓடுகிறார் பாருங்கள்!' எதிரெதிர் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வசதி ஒன்றுதான். 'ஐயோ பாவம்' என்றோ 'அடேங்கப்பா' என்றோ சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடலாம்.

அல்பெர்தி அப்படி எழுந்து போக விடுவதில்லை. இல்லத்தில் பெரும்பாலோர் பெண்கள். நேர்த்தியாக உடுத்திய ஒரு மனிதர் வந்ததும் அங்கே சலசலப்பு. கல்யாணமே ஆகாத ஒரு பாட்டிக்கு அவர்மேல் காதல் வந்துவிடுகிறது. அதை மறைக்கவும் இல்லை. இன்னொருவர் அடுத்தவர் பொருளைச் சத்தமில்லாமல் சுருட்டுகிறார். ஒருவர் கவிதை சொல்கிறார். ஆசை, வெட்கம், களவு, கவிதை என எதுவும் அவர்களைவிட்டுப் போய்விடவில்லை. நினைவு தப்பத் தொடங்கியவரின் பயத்தையும் படம் மறைக்கவில்லை.

வியப்பு அச்சில் எளிதாக விழுந்திருக்கக்கூடிய படம், ஸ்டீபன் வாக்கரின் 'யங் அட் ஹார்ட்' (2007). அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டனில், சராசரியாக 80 வயதுக்காரர்கள் ராக், பங்க் பாடல்கள் பாடும் குழுவைப் பற்றியது. அதைக் காப்பாற்றுவது ஒத்திகைக் காட்சிகள். வரி மறக்கிறது, தாளம் தப்புகிறது, குழுவை நடத்தும் பாப் சில்மன் விடாமல் திரும்பப் பாடச் சொல்கிறார். வயதைக் காட்டி அவர்கள் சலுகை கேட்பதில்லை. அவர் கொடுப்பதும் இல்லை. சக பாடகர் ஒருவரின் மரணச் செய்தி வந்த அன்றே சிறைக் கைதிகள் முன் பாடுகிறார்கள்.

கேமராவே முதியவர் கையில் இருந்தால்? பிரெஞ்சு இயக்குநர் ஆக்னெஸ் வர்தா, 2000-இல் வந்த 'தி க்ளீனர்ஸ் அண்ட் ஐ' படத்தில், ஒரு கையில் சிறிய டிஜிட்டல் கேமராவைப் பிடித்து, சுருக்கம் விழுந்த மறு கையைத் தானே படமெடுத்தார். அழுகை இல்லை, புதிதாக ஒன்றைக் கண்ட ஆர்வம். பிறகு, தம்மைவிட 50 ஆண்டுகளுக்கும் மேல் இளையவரான புகைப்படக் கலைஞர் ஜே.ஆருடன் சேர்ந்து 'ஃபேசஸ் ப்ளேசஸ்' (2017) எடுத்தார். அதில் மங்கிவரும் தன் பார்வையையே விளையாட்டாக்கினார். எழுத்து அட்டைகளுடன் ஆட்களைப் படிக்கட்டில் நிற்கவைத்து, கண் பரிசோதனைப் பலகையையே உயிருடன் அமைத்தார்.

துப்பறியப்போன செர்ஹியோவின் முடிவு இதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிறது. இல்லத்தில் கொடுமை எதையும் அவர் காணவில்லை, கண்டது தனிமை. தாயான அந்த மூதாட்டியின் நிலையை அறிய ஆள் அனுப்பிய மகள், தானே நேரில் வந்து பார்த்திருக்க வேண்டும் என்பது அவருடைய அறிக்கை. கூலிக்கு ஓர் உளவாளியை அனுப்பிவிட்டுக் கவலைப்படுவதற்கும், திரையில் முதியவர்களைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டு வீட்டுக்குப் போவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.