அம்மாவையும் அழைத்து வாருங்கள்!

"அடுத்த தடவை வரும்போது உங்களை நன்றாகத் தெரிந்தவர் யாரையாவது அழைத்து வாருங்கள். சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர் என்றால் ரொம்ப நல்லது" என்றார் மனநல டாக்டர். எனக்குச் சுருக்கென்றது. இந்த வயதில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதா?

அடுப்பில் பாலை மறப்பதும், பீரோ சாவியைத் தேடி அரை நாள் போக்குவதும் எனக்கு வாடிக்கை. என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. என்னும் கவனச் சிதறல் கோளாறு என்று தெரிந்தபோதுதான், எனக்கும் அதுவாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது.

இதை ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாதாம். 2013-ல் வெளியான டி.எஸ்.எம்.-5 மருத்துவக் கையேட்டின்படி, அறிகுறிகள் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்; வீடு, பள்ளி, அலுவலகம் என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். எட்டு வயதில் எப்படியிருந்தோம் என்று நமக்கே ஞாபகம் இருக்குமா?

"என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லே டாக்டர். நல்லாப் படிப்பா" என்று ஆரம்பித்தாள் அம்மா. எனக்கு வயிற்றைக் கலக்கியது. டாக்டர் மறுத்துப் பேசவில்லை. "ஸ்கூலுக்கு எப்படிக் கிளம்புவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க! பையில எல்லாத்தையும் நான்தான் எடுத்து வைப்பேன். பக்கத்துல உக்காந்தாத்தான் வீட்டுப்பாடம் முடியும். ஒரே வருஷத்துல மூணு குடை தொலைச்சா. அதுக்காக எத்தனை அடி அடிச்சிருக்கேன்..." அம்மாவின் குரல் கம்மியது.

"நீங்க தாங்கிப் பிடிச்சதாலதான் வெளியே தெரியலே" என்றார் டாக்டர்.

இன்றைய நிலையை என் கணவர் சொன்னார்: "பேசிக்கிட்டே இருக்கும்போது கவனம் எங்கேயோ போயிடும். என்னை மதிக்கலேன்னு நெனச்சேன்."

தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் கவனம் சிதறலாம் என்பதால் அவற்றையும் விசாரித்த பிறகே டாக்டர் முடிவு சொன்னார். ஏ.டி.எச்.டி.தான்.

நீங்களும் போவதாக இருந்தால், பழைய பிராக்ரஸ் ரிப்போர்ட் கிடைத்தால் எடுத்துப் போங்கள். ஆசிரியர் எழுதிய ஒரு வரிகூட உதவும். பெற்றோர் இல்லாவிட்டால் அக்கா, அண்ணன், பள்ளித் தோழி வரலாம். யாரும் இல்லையென்றாலும் தயங்காமல் போங்கள். வருகிறவர் முன்னால் பேச விரும்பாததை, முதலில் டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். கூட வருகிறவர் உங்களுக்காகப் பூசி மெழுக வேண்டாம்; கண்டதைச் சொன்னால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "குடையைத் தொலைச்சா பேரனை அடிக்காதேடி."